உள்வீதிக்காகக் கூட்டமா, தகவல் விண்ணப்பமா?

2018 பெப்ரவரிக்குப் பிறகு 2025 மே 6 வரை உள்ளூராட்சித் தேர்தலே நடக்காதிருந்த இலங்கையின் வன்னியில், ‘வாக்குப் போட்டு என்ன கண்டோம்’ என்ற அலுப்பு சும்மா வந்ததன்று. எங்கள் வட்டாரத்தில் கிறவல் பறித்ததோடு கைவிடப்பட்ட உள்வீதிக்காக, கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேசுவதா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதா என்று பலர் கேட்கிறார்கள்.

செலவு: கூட்டத்துக்கு ஒரு பின்னேரம், கூலிக்காரருக்கு அது அரைநாள் சம்பளம். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை.

காலம்: கூட்டத்தில் ‘பார்ப்போம்’ என்பதற்குத் தவணை கிடையாது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, தகவல் அலுவலர் 14 வேலை நாள்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்து, தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு வரை போகலாம்.

இலகு: எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் தகவல் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அலுவலகக் கடதாசியில் தன் பெயர் தனியே நிற்பதற்குப் போரைக் கண்ட சனம் இன்னமும் தயங்குகிறது. அந்தத் தயக்கத்தை நான் குறைகூற மாட்டேன். சனசமூக நிலையத்தில், பின்வரிசைக் கதிரையிலிருந்து ஒரு அம்மா எழுந்து ‘மழைக்குப் பிள்ளை சப்பாத்தைக் கையில் கொண்டு போகுது’ என்றால், இருபது பேர் கூடவே பேசுவார்கள்.

ஆகவே ஒதுக்கிய பணம் எங்கே போனதென்று அறிய விண்ணப்பம். எந்த வீதியை முதலில் போடுவதென்று தீர்மானிக்கக் கூட்டம். விண்ணப்பத்துக்குக் கிடைத்த பதிலைக் கூட்டத்தில் உரத்து வாசிப்பதையே நான் விரும்புவேன்.