லின்டியனின் ஸ்ட்ரிப் சோதனை: எதைப் பிடிக்கிறது, எதை விட்டுவிடுகிறது

டெபியன் லினக்ஸின் மென்பொருள் பொதிகளைச் சரிபார்க்கும் கருவியான லின்டியன், ஸ்ட்ரிப் ஆகாத (அதாவது குறியீட்டுப் பெயர்களும் பிழைத்திருத்தத் தகவலும் நீக்கப்படாத) ஈ.எல்.எஃப் கோப்பை, அதாவது லினக்ஸின் இயங்கு கோப்பு வடிவில் உள்ளதைக் கண்டால் ‘அன்ஸ்ட்ரிப்டு-பைனரி-ஆர்-ஆப்ஜெக்ட்’ என்று பிழை காட்டும். டெபியன் கொள்கை ஆவணத்தின் 10.1 பிரிவில் இது ‘ஷுட்’ (செய்வது நல்லது) விதிதான், ‘மஸ்ட்’ (செய்தே ஆகவேண்டும்) இல்லை. பிழைத் தரம் சற்றே கடுமை என்றாலும் குறைசொல்ல மனம் வரவில்லை. பொய் எச்சரிக்கை அபூர்வம்.

விதிவிலக்குகளையும் அறிந்தே எழுதியிருக்கிறார்கள். கெர்னல் மாட்யூலை முழுக்க ஸ்ட்ரிப் செய்தால் ஏற்றும்போது தேவைப்படும் குறியீடுகள் போய்விடும், அதனால் .கேஓ என்று முடியும் அந்த மாட்யூல் கோப்புகளை லின்டியன் தொடுவதில்லை. ஓகேமல் மொழியின் பைட்கோடு (இடைநிலை நிரல்) ஒட்டிய பைனரியில் நிரலே கோப்பின் வாலில் இருக்கிறது, ஸ்ட்ரிப் அதை வெட்டி எறிந்துவிடும்.

பிழை வந்ததும், பொதியை உருவாக்கும் கட்டளைகள் இருக்கும் ரூல்ஸ் கோப்பில் கையால் ஸ்ட்ரிப் கட்டளை சேர்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். பொதி உருவாகும்போது தானாக ஸ்ட்ரிப் செய்யும் டிஹெச்_ஸ்ட்ரிப் ஏன் அந்தக் கோப்பைத் தாண்டிப் போனது என்று பாருங்கள். பெரும்பாலும் அது .எஸ்ஓ (பகிர்வு நூலகம்) என்று முடியாத ப்ளகின், அதில் எக்ஸிக்யூட் பிட்டும் இருக்காது. அல்லது டிஹெச்_ஸ்ட்ரிப் ஓடி முடிந்தபின் நகலெடுக்கப்பட்ட கோப்பு.

உண்மையான ஓட்டை எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. மூல நிரலின் மேக்ஃபைலில் (பில்டு கட்டளைக் கோப்பில்) நிறுவும்போதே ஸ்ட்ரிப் செய்யும் ‘இன்ஸ்டால் -எஸ்’ இருந்தால் பைனரி முன்கூட்டியே ஸ்ட்ரிப் ஆகிவிடும். டிஹெச்_ஸ்ட்ரிப்புக்குப் பிரித்தெடுக்க பிழைத்திருத்தத் தகவல் மிஞ்சாது, அந்தத் தகவலைத் தனியே தரும் டிபிஜிசிம் பொதி உருவாகாது. ஸ்ட்ரிப் செய்யாதே என்று சொல்லும் நோஸ்ட்ரிப் விருப்பமும் பலிக்காது. கிராஸ் பில்டில் (வேறு வகைச் செயலிக்காகத் தொகுக்கும்போது) வேறு கட்டமைப்பின் ஸ்ட்ரிப் ஓடி, கோப்பு வடிவம் தெரியவில்லை என்று நிற்கும். கொள்கை ஆவணம் ‘இன்ஸ்டால் -எஸ்’ஸைப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. இறுதிக் கோப்பை மட்டும் பார்க்கும் லின்டியனின் இந்தச் சோதனைக்கோ எல்லாம் சுத்தம். ஆகவே பில்டு முடிந்ததும் டிபிஜிசிம் பொதி வந்ததா என்று தனியே பாருங்கள். வராவிட்டால் மேக்ஃபைலில் அந்த -எஸ்ஸை நீக்கி ஒரு பேட்ச் போடுங்கள்.

நிலை நூலகங்களுக்கு (ஸ்டாட்டிக் லைப்ரரி) பிழைத்திருத்தத் தகவலை மட்டும் நீக்கும் --ஸ்ட்ரிப்-டீபக் போதும். அதற்குமேல் எல்லாக் குறியீடுகளையும் நீக்கினால் இணைப்பானுக்குப் பிடிக்க எதுவும் இருக்காது.

நிஜமாகவே ஸ்ட்ரிப் செய்யக்கூடாத கோப்பென்றால் டிஹெச்_ஸ்ட்ரிப்புக்கு -எக்ஸ் கொடுத்து விலக்கி, லின்டியனின் பிழையை அடக்கும் லின்டியன்-ஓவர்ரைட்ஸ் கோப்பில் காரணத்தைக் கருத்துவரியாக எழுதுங்கள். லின்டியனின் புதிய பதிப்புகளில் அந்த ஓவர்ரைடு வரியில் கோப்புப் பாதை சதுர அடைப்புக்குள் வரவேண்டும். பழைய வடிவில் விட்டால் ஓவர்ரைடு பொருந்தாமல் பிழை திரும்ப வரும்.