சாயும் ஸ்டாண்ட், நிறைந்த தொட்டி: முட்டுக் கொடுப்பதா, நகர்த்துவதா, முழுக்கக் கலைப்பதா?

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். வீட்டுக் கூடங்களில் அதிகம் கண்ணில் படும் மீன் தொட்டி இந்த அளவுதான். 16 அங்குலம் நிரப்பினால் தண்ணீர் மட்டும் 200 லிட்டரைத் தாண்டும். 10 மி.மீ. கண்ணாடி 50 கிலோவுக்கு மேல். இரண்டு அங்குலம் மணல் விரித்தால் இன்னொரு 45 கிலோ. கல், ஃபில்டர், மூடி எல்லாம் சேர்த்தால் 310 கிலோவுக்குக் குறையாது. டி.வி. வைக்கச் செய்த பலகை ஸ்டாண்டின் மேல் ஒன்றரை புல்லட் வண்டியை ஏற்றி நிறுத்தியதற்குச் சமம்.

ஸ்டாண்ட் பழுது என்று தெரிந்ததும் பலர் முதலில் மீனைப் பிடிக்க ஓடுகிறார்கள். மீனுக்கு அவசரம் இல்லை, பாரத்துக்குத்தான் அவசரம். தண்ணீரை இறக்கும் வேலையை முதலில் தொடங்க வேண்டும். மற்ற முடிவுகளை அது இறங்கிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம்.

சாய்வா, முறுக்கலா?

ஃபில்டரை நிறுத்தி, தண்ணீர் அசையாமல் நிற்கும்போது, தொட்டியின் மேல் விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை நான்கு மூலைகளிலும் ஸ்கேல் வைத்து மி.மீ. கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். முன் இடது 50, பின் வலது 52, கூட்டினால் 102. முன் வலது 53, பின் இடது 49, அதுவும் 102. எதிரெதிர் மூலைகளின் கூட்டுத்தொகை ஒன்றாக இருந்தால் தொட்டி மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்று 102, இன்னொன்று 106 என்று வந்தால் தொட்டியே முறுக்கிக்கொண்டிருக்கிறது. சாய்வைக் கண்ணாடி ஓரளவு பொறுக்கும், முறுக்கலைப் பொறுக்காது. சிலிக்கான் ஒட்டு ஒரு மூலையில் பிரியத் தொடங்கும், அல்லது அடிக்கண்ணாடி ஓர் இரவில் கோடு விடும். ஒட்டும்போதே 1 மி.மீ. பிசகு இருந்திருக்கலாம், அதற்குக் கவலை வேண்டாம். வித்தியாசம் 2 மி.மீ. ஆனாலே தண்ணீரை இறக்கத் தொடங்குங்கள்.

ஸ்டாண்டையும் பாருங்கள். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) என்றால் அடி ஓரம் உப்பியிருக்கும், மைக்கா எழும்பியிருக்கும், ஸ்க்ரூ கையோடு வரும். ஒரு முறை தண்ணீர் குடித்து உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய பலத்துக்குத் திரும்பாது, உள்ளிருக்கும் பசைப் பிடிப்பு போய்விட்டது. இரும்பு ஸ்டாண்டில் கால்களின் அடி நாலு அங்குலம்தான் முதலில் போகும். தினமும் தரை துடைக்கும் தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்குகிறதா என்று பார்த்தால் போதும். எந்தப் பொருளானாலும், மேல் பலகை பக்கவாட்டில் நழுவி, செவ்வகம் சாய்சதுரமாகத் தெரிந்தால், அதுதான் மிக மோசம். அந்த நிலையில் தள்ளவோ தூக்கிப் பார்க்கவோ கூடாது. அருகில் குழந்தைகளை விடக் கூடாது.

முதல் அரை மணி நேரம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் இது பொது. தொட்டிக்கான பிளக்கெல்லாம் பிடுங்குங்கள். பிளக் போர்டு ஸ்டாண்டுக்குள்ளேயே இருந்தால் மெயினில் அந்த எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிட்டுத் தொடுங்கள். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் ஹீட்டர் இருக்கும். சூடாக இருக்கும்போதே நீர்மட்டம் கீழே போனால் அதன் கண்ணாடி வெடிக்கும், எனவே அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும்.

மேல்மட்டத்துத் தண்ணீர்தான் சுத்தமானது. மணலைக் கலக்கும் முன், முதல் 80 லிட்டரை மீன் தங்கப்போகும் டப்பில் சைஃபன் செய்து (குழாயால் உறிஞ்சித் தானாக இறங்கவிட்டு) பிடித்துவிடுங்கள். பிறகு குழாயைக் குளியலறைக்குத் திருப்பலாம். அரை அங்குலக் குழாயில் 100 லிட்டர் இறங்கப் பத்து நிமிடத்தை ஒட்டி ஆகும். இரண்டு குழாய் போட்டால் பாதி நேரம். 16 அங்குலத்திலிருந்து 6 அங்குலத்துக்கு இறக்கினால் 130 கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். மீனைப் பிடிக்கவும் அதுதான் சரியான ஆழம். நிறைந்த தொட்டியில் வலையோடு துரத்தினால் மீன் களைத்துப்போகும், செதில் உதிரும், ஸ்டாண்டும் ஆடும்.

வழி ஒன்று: இருந்த இடத்திலேயே முட்டு

தண்ணீரை 6 அங்குலத்துக்கு இறக்கிய பின், ஸ்டாண்டின் மேல் சட்டத்துக்குக் கீழே தரையிலிருந்து சாலிட் பிளாக் (கான்கிரீட் கல்) அடுக்கி, மிச்ச இடைவெளியில் இரண்டு மர ஆப்புகளை எதிரெதிராகச் செருகுவது. கையால் இறுக்கினால் போதும், சுத்தியல் கூடாது. இறங்கிப்போன மூலையை மேலே தூக்குவது நோக்கமல்ல. இன்னும் இறங்காமல் பிடிப்பதுதான் வேலை. கார் ஜாக்கி வைத்து ஏற்றுகிறவர்களும் உண்டு. ஜாக்கி ஒரே புள்ளியில் தூக்கும், அந்தப் புள்ளிக்கு நேர் மேலே கண்ணாடி விரியும்.

ஒரே ஒரு கால் துருப்பிடித்த இரும்பு ஸ்டாண்டுக்கும், நடுவில் மட்டும் தொய்ந்த பிளைவுட் பலகைக்கும் இது பொருந்தும். நழுவிய ஸ்டாண்டுக்குப் பொருந்தாது, ஏனென்றால் முட்டு மேலிருந்து வரும் பாரத்தைத்தான் தாங்கும், பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்தாது. பார்ட்டிகிள் போர்டில் எல் கிளாம்பு அடித்துச் சரிசெய்கிறேன் என்று தச்சர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம், உப்பிய பலகையில் ஸ்க்ரூ நிற்காது. மொத்தத்தில் இது ஒன்றிரண்டு நாள் தாங்கும் ஏற்பாடு. முட்டு வைத்துவிட்டுத் தண்ணீரை மறுபடி முழுக்க நிரப்புகிறார்களே, அங்கேதான் கெடுகிறது.

வழி இரண்டு: பக்கத்தில் புது ஸ்டாண்டு, அப்படியே நகர்த்தல்

அதே உயரத்தில் புது ஸ்டாண்டைப் பழையதோடு ஒட்டி நிறுத்தி, மீனை மட்டும் எடுத்துவிட்டு, மணலும் செடியும் இரண்டு அங்குலத் தண்ணீரும் உள்ளே இருக்க, தொட்டியைத் தள்ளுவது. செடி நட்ட தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய ஆசை, வேரைக் கலைக்க வேண்டியதில்லை. ஆனால் அப்போதும் பாரம் 110 கிலோவுக்கு மேல், அது முழுக்க அடிக்கண்ணாடியின் மேல். தொட்டியின் கீழ் முழு அளவுப் பலகை ஏற்கெனவே இருந்து, பலகையோடு சேர்த்து நாலு பேர் நகர்த்தினால் சரிவரும். வெறும் தெர்மாகோல் மேல் உட்கார்ந்த தொட்டி என்றால் நகரும்போது தெர்மாகோல் மடங்கிப் பிய்யும். அந்த மேட்டில் கண்ணாடி உட்காரும்.

தள்ளும் விசையைப் பழைய ஸ்டாண்டுதான் தாங்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சாய்ந்து நிற்கும் ஸ்டாண்டைப் பக்கவாட்டில் தள்ளுவது அதைக் கவிழ்ப்பதற்கான நேர்வழி. ஆகவே ஸ்டாண்டு நேராக நிற்கிறது, துருவோ தொய்வோ மட்டும்தான் பிரச்சினை என்றால் இந்த வழி, இல்லையென்றால் வேண்டாம்.

வழி மூன்று: முழுக்கக் கலைத்தல்

வேலை அதிகம், அரை நாள் போகும். இருந்தாலும் மூன்றில் இரண்டு கேஸுக்கு இதையே சொல்லத் தோன்றுகிறது. முக்கியமாக அளவெடுத்ததில் முறுக்கல் தெரிந்திருந்தால் வேறு வழி இல்லை. ஒட்டைச் சோதிக்காமல் அந்தத் தொட்டியை மறுபடி நம்ப முடியாது.

மீன் போன பின் கல், கட்டை, செடி. பிறகு மணலைப் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி வாளியில். செடியை ஈரச் செய்தித்தாளில் சுற்றி நிழலில் வைத்தால் அன்று முழுக்கத் தாங்கும். மணலின் அடியிலிருந்து கறுப்பாகவும் முட்டை நாற்றத்தோடும் எதாவது வந்தால், அது ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உண்டான ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்தத் தண்ணீரில் ஒரு கோப்பைகூட மீன் டப்புக்குப் போகக் கூடாது. காலித் தொட்டியை அடிப்பக்கம் கை கொடுத்து நாலு பேர் தூக்க வேண்டும். மேலே குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டையைப் பிடித்துத் தூக்கினால் பட்டை கையோடு வந்துவிடும். தரையில் இறக்கும் இடத்தில் தெர்மாகோலோ பழைய மெத்தையோ விரியுங்கள். டைல்ஸ் மேல் கிடக்கும் ஒரு மணல் துகள் போதும், கண்ணாடி விரிய.

மீன் தங்கும் இடம்: டப், டிரம், கவர், எது?

100 லிட்டர் அகன்ற பிளாஸ்டிக் டப்புதான் முதல் தேர்வு. வாய் அகலம் என்பதால் நீர்ப்பரப்பு அதிகம், காற்று கலப்பதும் அதிகம். 200 லிட்டர் நீல டிரம்மில் கொள்ளளவு இருந்தும் வாய் குறுகல், ஆழத்தில் மீனைப் பார்க்கவும் முடியாது; அதோடு, முன்பு அதில் என்ன ரசாயனம் வந்தது என்று விற்றவருக்கே தெரியாது. தெர்மாகோல் பெட்டி வெப்பத்தைச் சீராக வைக்கும், சின்ன மீன்களுக்கு நல்லது. ஆனால் தண்ணீரோடு தூக்கினால் அடி பிளக்கும். சென்னை கொளத்தூர் கடைகளில் செய்வதுபோல மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் அடைத்த கவர், வேறு வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் ஏற்றது. வாயால் ஊதிய கவரில் வைக்க வேண்டாம்.

டப்பில் காற்றுக் குமிழ் விடும் ஏர் ஸ்டோன் இரண்டு வேண்டும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மி.கி. ஆக்சிஜனைக் கொள்ளும் தண்ணீர், 30 டிகிரியில் 7.5 மி.கி.தான் கொள்ளும். மே மாதத்துப் பால்கனியில் டப்பை வைத்தால் என்ன ஆகும் என்று ஊகித்துக்கொள்ளலாம். கரண்ட் போகும் பகுதியென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பு ஒன்று கையில் இருக்கட்டும்.

ஃபில்டர் பஞ்சும் செராமிக் ரிங்கும்தான் இந்த வேலையில் உண்மையான சொத்து. அம்மோனியாவை உடைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அங்கே. தண்ணீரில் மிகக் குறைவு. அவற்றை மீன் இருக்கும் டப்பிலேயே, ஏர் ஸ்டோனுக்குப் பக்கத்தில் வலைப்பையில் போடுங்கள். கேனிஸ்டரை (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய ஃபில்டர்) மூடியபடி நிறுத்தி வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து நுண்ணுயிர்கள் சாகும். அதைத் திறக்காமல் மறுநாள் ஓடவிட்டால் அந்த அழுகல் நேராகத் தொட்டிக்குள் வரும். குழாய்த் தண்ணீரில் பஞ்சை அலசுவதும் கிட்டத்தட்ட அதே தவறுதான், குளோரின் கொன்றுவிடும்.

ஆஸ்கார், ஃபிளவர்ஹார்ன் இரண்டும் துள்ளும், மேலே வலையோ ஓட்டை போட்ட பலகையோ கட்ட வேண்டும். ஒன்றையொன்று அடிக்கும் மீன்களுக்குத் தனி டப் தேட வேண்டாம். காய்கறிக் கூடையை டப்புக்குள் இறக்கி, மேலே மூடி, அதற்குள் ஒன்றை விட்டால் போதும். டேங்க் கிளீனர் மீனுக்கும் கெளுத்தி வகைகளுக்கும் துடுப்பு முள் வலையில் சிக்கும். பிளாஸ்டிக் டப்பாவால் அள்ளுங்கள். சிக்கிவிட்டால் இழுக்காமல் வலையை வெட்டிவிடுங்கள், வலை மலிவு. கோல்டு ஃபிஷ் அளவுக்கு அழுக்கு செய்யும் மீன் குறைவு, அதற்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறை கால்பங்கு தண்ணீர் மாற்ற வேண்டிவரும். மாற்றும் தண்ணீர் மெட்ரோ வாட்டரோ லாரித் தண்ணீரோ என்றால் ஆன்ட்டி குளோரின் போட்ட பிறகே. போர்வெல் என்றால் ஓர் இரவு காற்று ஓட்டிய பிறகு. டப்பில் இருக்கும் வரை தீனி கிடையாது. இரண்டு நாள் பட்டினியால் வளர்ந்த மீன் எதுவும் சாகாது.

அடுத்த ஸ்டாண்டு எது?

பார்ட்டிகிள் போர்டை மறுபடி வாங்குவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இன்று இரவுக்குள் வேண்டும் என்றால் சாலிட் பிளாக்கும் கடப்பா கல்லும். 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குல கனமுள்ள பிளாக்கை மூன்று மூன்றாக அடுக்கி, இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஒவ்வொரு தூண். மேலே கல், அதன் மேல் 18 மி.மீ. பிளைவுட். நடுத்தூணைத் தவிர்க்காதீர்கள், கடப்பா கல் நடுவில் ஆதாரமில்லாமல் வளையும் பாரத்தைத் தாங்கும் இனமல்ல. இரண்டடிக்கு மேல் உயரம் வேண்டுமானால் கலவை வைத்துக் கட்ட வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது எடை: ஒன்பது பிளாக்கே 230 கிலோவைத் தொடும், தொட்டியோடு 550 கிலோ. தரைத்தளத்தில் பிரச்சினை இல்லை. மாடியில், அறையின் நடுவில் வைக்காமல் பீம் ஓடும் சுவரை ஒட்டி வையுங்கள்.

ஒரு வாரம் பொறுக்க முடிந்தால் வெல்டிங் பட்டறையில் இரும்புதான் சரி: ஒன்றரை அங்குலச் சதுரப் பைப்பு, 2 மி.மீ. கனம். பட்டறைக்காரரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. மேல் சட்டம் கால்களின் தலைமேல் உட்கார வேண்டும். காலின் பக்கத்தில் சட்டத்தை ஒட்டிப் பற்றவைத்தால் 310 கிலோவும் அந்தப் பற்றவைப்பில்தான் தொங்கும். பின்பக்கம் குறுக்காக ஒரு பட்டை, காலடியில் மூன்று அங்குலத் தகடு, தகட்டுக்குக் கீழ் ரப்பர். தகடு இல்லாத கால் டைல்ஸை உடைக்கும். பைப்பு முனைகளை அடைக்காவிட்டால் கடலோர ஊர்களில் உள்ளிருந்து துருவேறும். வெல்டிங் சூட்டில் சட்டம் திருகிக்கொள்வது சாதாரணம் என்பதால், எடுத்து வரும் முன் சமதரையில் வைத்து நான்கு காலும் பதிகிறதா என்று பார்த்துவிடுங்கள். ரெட் ஆக்சைடு, எனாமல் பெயிண்ட் இரண்டும் காய்ந்து வாடை போன பிறகே வீட்டுக்குள்.

பிளைவுட் அழகு, ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளை என்றால் ஈரத்தையும் தாங்கும். சிக்கல் பலகையில் இல்லை, அலமாரி செய்து பழகிய கையில் இருக்கிறது. அலமாரியில் மேல் பலகையைப் பக்கப் பலகைகளுக்கு நடுவே ஸ்க்ரூவில் மாட்டுவார்கள். தொட்டி ஸ்டாண்டில் மேல் பலகை செங்குத்துப் பலகைகளின் மேல் உட்கார வேண்டும். நடுவிலும் ஒரு செங்குத்துப் பலகை வேண்டும். பின்பக்கத்தை முழுக்க 12 மி.மீ. பிளையால் மூட வேண்டும். அந்தப் பின்பலகைதான் பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்துவது. ஒயர் விடுவதற்காக அதைப் பாதிக்கு வெட்டிவிடுகிறார்கள்.

திரும்ப ஏற்றும்போது

புது ஸ்டாண்டில் ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஏற்ற இறக்கத்தை ஸ்டாண்டுக்கும் தரைக்கும் நடுவில் சரிசெய்யுங்கள், தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அட்டை செருக வேண்டாம். சட்டமில்லாத கண்ணாடித் தொட்டியின் கீழ் 10 மி.மீ. தெர்மாகோல் ஒரே துண்டாக. மணல் போடும் முன் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி மூலைகளை அளந்து, பிறகு மூன்றில் இரண்டு, பிறகு முழுக்க. அடி ஒட்டைச் சுற்றி உலர்ந்த செய்தித்தாள் துண்டுகளை வைத்து 24 மணி நேரம் விடுங்கள். கசிவு சொட்டும் முன்பே தாளில் ஈரம் காட்டிவிடும். கசிந்தால் மேலே புது சிலிக்கானைப் பூசிப் பயனில்லை, பழைய சிலிக்கான் மேல் புதியது பிடிக்காது. முழுக்கச் சுரண்டி, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிக்கானால் ஒட்டி, புளிப்பு வாடை போகும்வரை காயவைக்க வேண்டும். அதுவரை மீன் டப்பில்தான்.

மணலைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போட்டு, எடுத்து வைத்த தண்ணீரோடு புதுத் தண்ணீரைச் சேர்த்து, ஃபில்டர் ஓடத் தொடங்கிய பிறகு மீனை விடலாம். முதல் வாரம் தீனி பாதி. அம்மோனியா டெஸ்ட் கிட்டில் தினமும் பார்த்து, 0.25 பி.பி.எம். காட்டினால் கால்பங்கு தண்ணீர் மாற்றுங்கள். நான்கு மூலை அளவுகளை ஸ்டாண்டின் உள்பக்கம் தேதியோடு எழுதி ஒட்டிவிட்டு, ஒரு மாதம் கழித்து அதே ஸ்கேலால் மறுபடி அளந்து பாருங்கள்.