குப்பைமேடா, பாதரச மண்ணா? கொடைக்கானலில் சோலாருக்கு எது தோது?

கொடைக்கானலில் சோலார் வைக்க இடம் தேடினால் முதலில் கண்ணில் படுவது புல்வெளிதான். அதைத் தொடவே கூடாது. ஏற்கெனவே கெட்டுப்போன நிலம் ஊரில் இருக்கிறது: ஒன்று பிரகாசபுரம் குப்பைக் கிடங்கு, இன்னொன்று 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஃபேக்டரி வளாகம்.

வெயில் இரண்டுக்கும் ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் உற்பத்தி படுத்துவிடும். தை பிறந்ததும் நல்ல வெயில், கூடவே குளிர். பேனலின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால் டிகிரிக்கு 0.3 முதல் 0.4 சதவீதம் மின்சாரம் குறையும். அந்த வகையில் மதுரையைவிடக் குளிர்ந்த மலையே தேவலை. ஆக, வித்தியாசமெல்லாம் மண்ணில்தான்.

குப்பைக் கிடங்கை மூடிவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது மட்க மட்க மேடு இறங்கும், அதுவும் ஒரே சீராக இறங்காது. ஒரு கால் நாலு விரற்கடை புதைந்து பக்கத்துக் கால் அப்படியே நின்றால் ஃபிரேம் முறுக்கும், கண்ணாடி விரிசல் விடும், ஒயர் இழுபடும். குப்பையின் மேல் போட்ட மூடியைத் துளைக்கக் கூடாது என்பதால் கம்பம் நட முடியாது; கான்கிரீட் கட்டைகளின் எடையில்தான் பேனல் நிற்க வேண்டும். சமவெளியில் சரி. மழையில் ஊறிய மலைச்சரிவில் அத்தனை கான்கிரீட்டை ஏற்றினால் குப்பையே நழுவும், பக்கத்திலேயே டைகர் சோலை. போதாததற்கு, மட்கும் குப்பையிலிருந்து கிளம்பும் மீத்தேன், தீப்பிடிக்கும் வாயு. அமெரிக்காவில் அட்லாண்டா அருகே ஹிக்கரி ரிட்ஜ் குப்பைமேட்டில் 2011இல் மூடுவிரிப்பின் மேலேயே மெல்லிய சோலார் தகடுகளை ஒட்டினார்கள். சரிவுக்கு ஏற்ற வழிதான், ஆனால் முறையாக விரிப்புப் போட்டு மூடிய மேட்டுக்குத்தான் அது பொருந்தும். இங்கே அதைவிட, சென்னை பெருங்குடியில் செய்ததுபோல பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரித்து நிலத்தை மீட்பதே மேல் என்பேன்.

ஃபேக்டரி நிலத்தில் இந்தத் தொல்லைகள் இல்லை. தரை இறுகியது, வாயு கிடையாது. ஆனால் மண்ணில் பாதரசம். மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் உடைந்த பாதரசக் கண்ணாடி கிடந்தது வெளியே வந்த பிறகுதான் ஃபேக்டரியை மூடினார்கள். கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. இங்கும் குழி தோண்டக் கூடாது, கட்டைதான். அப்புறம் ஒரு சின்ன விஷயம், பலரும் கவனிக்காதது: மழைநீர் பேனலின் கீழ்விளிம்பில் ஒரே கோட்டில் சொட்டும். மாதக்கணக்கில் சொட்டினால் மண்ணில் வாய்க்கால் விழும். சாதாரண நிலத்தில் அது வெறும் மண்ணரிப்பு, இங்கே அந்த மண்ணோடு பாதரசமும் ஓடைக்குப் போகும். சொட்டும் கோடு நெடுக ஜல்லி, இடையில் புல், கீழே வண்டல் தொட்டி இல்லாமல் ஒரு பேனலும் ஏறக் கூடாது.

இரண்டில் ஒன்று என்றால் நான் ஃபேக்டரி நிலத்தைத்தான் சொல்வேன். ஆனால் சுத்தம் முதலில், சோலார் பிறகு. சுத்தம் செய்த பிறகும் கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்ற வரம்பையே போதிய கண்டிப்பு இல்லை என்று ஊர்க்காரர்களும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். பேனல் ஏறிவிட்டால் 25 வருஷத்துக்கு அதன் அடியில் யாரும் மண்வெட்டி போடப் போவதில்லை. பச்சை மின்சாரம் என்ற பெயரில் அந்த மண்ணை மூடி மறைக்க விடக் கூடாது.

அதுவரை மின்சாரத்துக்கு என்ன செய்வது? ஒரு மெகாவாட்டுக்கு சமதரையிலேயே நாலைந்து ஏக்கர் வேண்டும். கூரையில் ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும். பள்ளிக்கூடம், விடுதிக் கூரைகளுக்கு யார் நிலமும் வேண்டாம். வீட்டுக்காரர்களுக்கு 3 கிலோவாட் போட்டால் மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய் கிடைக்கிறது. மரநிழல் விழாத, தெற்குப் பார்த்த தகரக் கூரை இருப்பவர்கள் இந்த மழைக்காலம் முடிந்ததுமே ஆரம்பிக்கலாம்.