குலதெய்வப் படமும் முன்பணமும்: தஞ்சாவூர் ஓவியக்கூடம் ஒன்றில் என் அனுபவம்

எங்கள் குலதெய்வமான பச்சையம்மனைத் தஞ்சாவூர் ஓவியமாகப் பூசையறையில் வைக்க வேண்டும் என்பது என் தாயாரின் நெடுநாள் ஆசை. வெண்ணெய்க் கிருஷ்ணனும் கஜலட்சுமியும் கடைகளில் ஆயத்தமாகவே கிடைக்கின்றன. பச்சையம்மனைச் சொல்லித்தான் வரையச் செய்ய வேண்டும், அப்படிச் சொல்லும்போது முன்பணமும் கொடுத்தாக வேண்டும். அண்மையில் தஞ்சாவூரில் ஒரு சிறிய ஓவியக்கூடத்தில் அந்தப் படத்தை வரைவித்து வாங்கினோம். ஓவியர் தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவர் பணம் வாங்கிய முறை மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இதற்கு முன்பு ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் கண்ட ஒரு விற்பனையாளரிடம், முழுத் தொகையையும் அன்றே செலுத்தினால் ஆயிரம் ரூபாய் குறைப்பதாக அவர் சொன்னதை நம்பி, 18,000 ரூபாயை யுபிஐ வழியாக அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து வந்த படத்தில் ஒட்டியிருந்தது போலி ரேக்கு; ரேக்கு என்பது ஓவியத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தாள். அடுத்த மழைக்காலத்திலேயே ஓரங்கள் கறுத்து, கிரீடத்தில் மேடு எழுப்பப் பூசியிருந்த மக்கு உதிரத் தொடங்கியது. அவர் காட்டிய மாதிரிப் படங்கள் வேறு ஓவியர்களுடையவை என்பதைக் கூகுள் லென்ஸில் தேடிப் பார்த்து, காலம் கடந்த பிறகே தெரிந்துகொண்டேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் 22 காரட் ரேக்கு என்று அவர் சொன்னதெல்லாம் தொலைபேசியில்தான், எழுத்தில் ஒரு வரிகூட என்னிடம் இல்லை. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறதே என்று அப்போது நான் நம்பியிருந்ததும் தவறு. அந்தக் குறியீடு கலைக்கு உரியது. நம் கைக்கு வரும் படத்தில் எந்த ரேக்கு ஒட்டப்பட்டது என்பதற்கு அது சான்றாகாது.

இந்த ஓவியர் முதல் நாளே ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்கினார்: 18க்கு 24 அங்குலம், பிளைவுட் பலகை, 22 காரட் ரேக்கு, ஜெய்ப்பூர் கற்கள், தேக்குச் சட்டம், விலை 32,000 ரூபாய், முடிக்க வேண்டிய நாள். அதன் கீழே பணத்தை நான்காகப் பிரித்தார். பலகை, துணி, கற்கள் ஆகியவற்றுக்கு 8,000. கோட்டோவியம் எங்களுக்குப் பிடித்து, கல் பதித்து, மக்கு வேலை முடிந்ததும் ரேக்கு வாங்க 12,000. ரேக்கு ஒட்டி முடிந்ததும் 6,000. வண்ணமும் முகமும் எழுதிய பின் 6,000. "தங்கத்துக்கு நான் கைக்காசு போட முடியாதுங்க. அதே மாதிரி வேலையைப் பார்க்காம நீங்களும் பணம் போட வேண்டாம்" என்றார். கேட்ட உடனே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் தவணைக்கு நானே நேரில் போனேன். சுண்ணாம்புத் தூளும் பசையும் சேர்த்துக் குழைத்த மக்கு, அம்மனின் ஒட்டியாணத்திலும் திருவாசியிலும் மேடாக எழும்பிக் காய்ந்திருந்தது. விரலால் தடவச் சொன்னார், ஓரிடத்திலும் பொடி ஒட்டவில்லை. பிறகு மின்விசிறியை நிறுத்திவிட்டு ரேக்குப் புத்தகத்தைப் பிரித்து, ஒரு தாளை மக்கின் மேல் இட்டுப் பஞ்சால் மெல்ல அழுத்தினார். மேடு பள்ளமெல்லாம் பொன்னாகத் துலங்கின. ரேக்கு வாங்கிய ரசீதின் நகலையும் கேட்காமலே கொடுத்தார். முன்பணம் என்றாலே ஏமாற்று என்று நினைத்திருந்த என் மனம் அங்கேதான் மாறியது. நான் பாதியில் விலகிவிட்டால் எங்கள் குடும்பத்துப் பச்சையம்மனை அவர் வேறு யாருக்கு விற்க முடியும்? பொருட்செலவுக்கு ஈடான முன்பணத்தை அவர் கேட்பது நியாயம். கண்ணால் பார்க்கும் ஒரு கட்டத்தோடு பிணைக்கப்படாத பணத்தைத்தான் கொடுக்கக் கூடாது.

குறைகள் இல்லாமல் இல்லை. சொன்ன நாளுக்குப் பதினைந்து நாள் தாமதமாயிற்று. அதை முன்கூட்டியே தெரிவிக்காமல், நான் அழைத்தபோதுதான் சொன்னார். கோட்டோவியத்தில் அம்மனின் கையிலிருந்த கிளியை இடம் மாற்றச் சொன்னபோது, இரண்டாவது திருத்தத்துக்குத் தனிக்கூலி கேட்டார். எத்தனை திருத்தம் வரை இலவசம் என்பது தாளில் இல்லாததால் அது சிறு மனத்தாங்கலாக முடிந்தது; பேசித் தீர்த்து, அதையும் அதே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். படம் வரையக் கொடுப்பவர்கள் திருத்த எண்ணிக்கையை முதல் நாளே எழுதிக்கொள்வது நல்லது.

கடைசித் தவணையைப் படத்தை அனுப்பும் முன்பே கேட்டபோது மட்டும் எனக்குத் தயக்கம் இருந்தது. அவர் காணொலி அழைப்பில் பகல் வெளிச்சத்தில் படத்தை நாலாபுறமும் சாய்த்துக் காட்டி, சட்டத்தின் பின்புறம் தேதியும் ரேக்கின் தரமும் எழுதித் தம் கையெழுத்தை இட்ட பிறகே பணம் அனுப்பினேன். மூன்றாம் நாள் மரப்பெட்டியில் படம் வந்தது. பச்சை மேனியும் பொன் கிரீடமுமாக அம்மனைக் கண்டதும் அம்மா ஒன்றும் பேசாமல் விளக்கேற்றப் போய்விட்டார்.