விண்டோஸுக்குள் லினக்ஸ்: 8 ஜிபி லப்டொப்புக்கு எது சரிவரும்?

யாழ்ப்பாணத்தில் கைமாறும் லப்டொப்புகளில் பெரும்பாலானவை விண்டோஸோடுதான் வருகின்றன. அதில் எழுதுகிற கோட் கடைசியில் போய் ஓடுவது ஏதாவதொரு லினக்ஸ் சேர்வரில். இடையில் உள்ள இந்தத் தூரத்தைக் கடக்க மூன்று வழி உண்டு: விண்டோஸுக்குள் லினக்ஸையே ஓட்டும் மைக்ரோசொஃப்டின் டபிள்யூஎஸ்எல், லினக்ஸ் பாணிக் கருவிகளை விண்டோஸுக்குக் கொண்டுவரும் எம்சிஸ்2, அதே நோக்கத்தோடு வந்த பழைய ஆளான சிக்வின். மூன்றும் இலவசம். ஆனால் றாமும் டேட்டாவும் மூன்றுக்கும் ஒரே அளவில் செலவாகாது. 8 ஜிபி றாமும் எஸ்எஸ்டியும் இருந்தால் டபிள்யூஎஸ்எல்லின் இரண்டாம் பதிப்பான டபிள்யூஎஸ்எல்2-ஐத் தயங்காமல் போடலாம். ஆனால் அதன் றாமுக்கு ஒரு எல்லை வையுங்கள், கோப்புகளை லினக்ஸ் பக்கத்திலேயே வையுங்கள். 4 ஜிபி மெஷின் என்றால் எம்சிஸ்2 காணும். கட்டளைகளைக் கீழே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். வேறாகச் சொல்லாத இடங்களில் தட்டுவது வழமைபோல ஆங்கிலச் சிறிய எழுத்தில்.

டபிள்யூஎஸ்எல்லின் முதல் பதிப்பு 2016-இல் விண்டோஸ் 10-உடன் வந்தது. அதில் லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் இல்லை. லினக்ஸ் புரோகிராம் கேட்பதை விண்டோஸுக்கு விளங்கும்படி மாற்றிச் சொல்லும் ஒரு அடுக்குத்தான் இருந்தது. 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு வந்த இரண்டாவது, உண்மையான கேர்னலை ஒரு சின்ன வேர்ச்சுவல் மெஷினுக்குள், அதாவது மென்பொருளால் ஆன ஒரு கணினிக்குள், ஓட்டுகிறது. புரோகிராம்களைக் கொண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டொக்கர் இதில் ஓடுவது அதனால்தான். விண்டோஸ் ஹோம் பதிப்பே போதும், புரோ வாங்கத் தேவையில்லை.

பவர்ஷெல்லை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்’ என்று கொடுத்தால் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு இறங்கும்; ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இரண்டாம் கை மெஷின்களில் இந்த இடத்தில்தான் 0எக்ஸ்80370102 என்ற பிழை எண் வரும். பயோஸில் (விண்டோஸுக்கு முன்னே ஓடும் மெஷினின் அடிப்படை அமைப்பில்) வேர்ச்சுவலைசேஷன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயரில் அந்தத் தெரிவு இருக்கும். லப்டொப் வாங்கும்போதே டாஸ்க் மனேஜரில் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தைத் திறந்து, சிபியுவின் கீழே ‘வேர்ச்சுவலைசேஷன்: எனேபிள்ட்’ என்று இருக்கிறதா பாருங்கள். பயோஸுக்குப் பாஸ்வேர்ட் போடப்பட்ட மெஷினை, அந்தப் பாஸ்வேர்ட் கைக்கு வராமல் எடுக்க வேண்டாம்.

அடுத்தது றாம். சும்மா விட்டால் டபிள்யூஎஸ்எல்2 மொத்த றாமில் பாதிவரை எடுக்கும். 8 ஜிபி மெஷினில் 4 ஜிபி அங்கே போனால், மிச்சத்தில் விண்டோஸும் குரோமும் விஎஸ் கோடும் நெருக்குப்பட வேண்டும். லினக்ஸ் ஒருமுறை வாசித்த கோப்புகளைக் கேஷாக வைத்திருக்கும் பழக்கம் உள்ளது. வேலை முடிந்தாலும் அந்த இடத்தை உடனே திருப்பித் தராது. டாஸ்க் மனேஜரில் ‘விஎம்மெம்’ என்று பெரிதாக நிற்பது அதுதான். வைரஸ் என்று பயந்து அழிக்கத் தேடுபவர்களும் இருக்கிறார்கள்.

மருந்து ஒரு சின்னக் கோப்பு. விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறைக்குள் ‘.டபிள்யூஎஸ்எல்கொன்ஃபிக்’ என்ற பெயரில் உருவாக்குங்கள். முதல் வரி சதுர அடைப்புக்குள் ‘டபிள்யூஎஸ்எல்2’; அதன் கீழே ‘மெமரி=3ஜிபி’, ‘புரொசெஸர்ஸ்=2’, ‘ஸ்வொப்=4ஜிபி’ (ஜிபி மட்டும் பெரிய எழுத்தில்). இன்னொரு பகுதி ‘எக்ஸ்பெரிமென்டல்’; அதன் கீழே ‘ஓட்டோமெமரிரிக்ளெய்ம்=ட்ரொப்கேஷ்’ என்று வைத்தால், சும்மா இருக்கும் நேரத்தில் கேஷை விட்டுக்கொடுக்கும். நோட்பாட்டில் சேமிக்கும்போது பெயரின் முடிவில் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டினால் கோப்பை ஒருவரும் வாசிக்க மாட்டார்கள், எச்சரிக்கையும் வராது. ‘ஓல் ஃபைல்ஸ்’ என்று தெரிந்து சேமியுங்கள். பிறகு ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்து ஒரு 10 செக்கன் பொறுத்துத் திரும்பத் திறக்க வேண்டும். டேர்மினல் ஜன்னலை மூடித் திறந்தால் மட்டும் புதிய அமைப்பு ஏறாது. 3 ஜிபியில் நோட், பைதன், போஸ்கிரெஸ் எல்லாம் ஓடும். டொக்கரில் நாலைந்து கொண்டெய்னர் ஒன்றாக என்றால் மூச்சு வாங்கும். அதற்கு 16 ஜிபி மெஷின் வேண்டும், சுற்றிவளைக்க வழியில்லை.

டபிள்யூஎஸ்எல் சரியான மெதுவு என்று குறைப்படுகிறவர்களின் கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று கேட்டால், பத்தில் ஒன்பது பேருக்கு டெஸ்க்டொப்பில்தான் இருக்கும். விண்டோஸின் சி டிரைவ் லினக்ஸுக்குள் ‘/எம்என்டி/சி’ என்று தெரிகிறது. அந்தப் பாதையில் ஒவ்வொரு கோப்பும் 9பி என்ற நெறிமுறை வழியாக இரண்டு பக்கத்துக்கும் தூக்கிக் கொடுக்கப்படுகிறது. ஒரு பெரிய கோப்பு என்றால் தெரியாது. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள ‘நோட்_மொடியூல்ஸ்’ போன்ற கோப்புறையில் லைப்ரரிகளை இறக்கும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ இழுபடும், கோட் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட்டின் ‘கிட் ஸ்டேட்டஸ்’ கூடத் தாமதிக்கும். அங்கே விண்டோஸ் எடிட்டரால் கோப்பை மாற்றினால் லினக்ஸுக்கு அறிவித்தல் போகாது. சேமித்தவுடன் தானாகப் புதுப்பிக்க வேண்டிய டெவ் சேர்வர் பேசாமல் இருக்கும். ‘சிஎச்மொட்’ கொடுத்த அனுமதியும் வழமையான அமைப்பில் நிற்காது.

ஆகவே புரொஜெக்டை ‘/ஹோம்’ கீழே உங்கள் கோப்புறைக்குள் குளோன் செய்யுங்கள். விண்டோஸிலிருந்து பார்க்க எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் ‘\\டபிள்யூஎஸ்எல்.லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால் காணும். விஎஸ் கோடை விண்டோஸிலேயே நிறுவி, அதன் டபிள்யூஎஸ்எல் நீட்சியைச் சேர்த்து, லினக்ஸ் டேர்மினலில் ‘கோட் .’ என்று தட்டினால் எடிட்டர் விண்டோஸிலும் மிச்சமெல்லாம் லினக்ஸிலும் ஓடும். இந்தச் சேர்க்கைதான் டபிள்யூஎஸ்எல்லின் உண்மையான பலம். மற்ற இரண்டிலும் இது இல்லை.

இதே இடத்தில் இன்னொரு கண்ணி: வரி முடிவு. விண்டோஸ் கிட்டை நிறுவும்போது வழமையான தெரிவு, கோப்புகளை இறக்கும்போது ஒவ்வொரு வரி முடிவிலும் விண்டோஸ் முறைப்படி ஒரு மேலதிக எழுத்தைச் சேர்க்கும். அந்தக் கோப்புறையை லினக்ஸ் கிட் பார்த்தால், ஒரு எழுத்தும் தொடாத கோப்பெல்லாம் மாறிவிட்டது என்று சொல்லும். ஷெல் ஸ்கிரிப்டில் முதல் வரி ‘பேஷ்’ என்பதற்குப் பின்னால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்து ஒட்டிக்கொண்டிருக்க, டொக்கர் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று அடம்பிடிக்கும். கோப்போ கண்முன்னே இருக்கும். புரொஜெக்டின் ‘.கிட்அட்ரிபியூட்ஸ்’ கோப்பில் ‘*.எஸ்எச் டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்’ என்று ஒரு வரி போடுங்கள். ஏற்கனவே கெட்ட கோப்புக்கு ‘டொஸ்2யுனிக்ஸ்’. ஒரு புரொஜெக்டை ஒரு கிட்டால் மட்டும் தொடுவது இன்னும் நல்லது.

128 ஜிபி எஸ்எஸ்டி உள்ளவர்கள் கவனிக்க வேண்டியது: லினக்ஸ் முழுவதும் ‘ஈஎக்ஸ்டி4.விஎச்டிஎக்ஸ்’ என்ற ஒரே கோப்பில் இருக்கிறது. அது வளரும், உள்ளே எதை அழித்தாலும் தானாகச் சுருங்காது. ‘டொக்கர் சிஸ்டம் புரூன்’ கொடுத்தும் சி டிரைவில் இடம் கூடவில்லையே என்று குழம்புவது இதனால்தான். முதலில் ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’. பிறகு ‘டிஸ்க்பார்ட்’ திறந்து, ‘செலெக்ட் விடிஸ்க்’ என்று அந்தக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுத்து, ‘அட்டாச் விடிஸ்க் ரீட்ஒன்லி’, ‘கொம்பாக்ட் விடிஸ்க்’, ‘டிடாச் விடிஸ்க்’ என்று வரிசையாகச் செய்யுங்கள். பட்டரி செத்த லப்டொப்பில் கரண்ட் போகக்கூடிய நேரத்தில் இதைத் தொடங்க வேண்டாம்.

டேட்டா பக்கேஜில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உபுண்டுவும் கொம்பைலர்களும் லைப்ரரிகளும் சேர்ந்தால் ஜிபி கணக்கில் போகும். அதை ஒரு வகுப்பில் எல்லோரும் தனித்தனியாக இறக்கத் தேவையில்லை. ஒருவர் எல்லாம் நிறுவி, ‘டபிள்யூஎஸ்எல் --எக்ஸ்போர்ட் உபுண்டு’ என்று ஒரு டார் கோப்பாக எடுக்கலாம். மற்றவர்கள் ‘டபிள்யூஎஸ்எல் --இம்போர்ட்’ என்று பெயர், வைக்கும் இடம், டார் கோப்பு மூன்றையும் கொடுத்தால் முடிந்தது. பென் டிரைவ் எஃப்ஏடி32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. முதலில் எக்ஸ்ஃபாட்டுக்கு ஃபோர்மட் செய்யுங்கள். இப்படி ஏற்றிய லினக்ஸ், முழு அதிகாரமும் உள்ள ரூட் பயனராகத் திறக்கும்; ‘/ஈடிசி/டபிள்யூஎஸ்எல்.கொன்ஃப்’ கோப்பில் ‘யூசர்’ பகுதியின் கீழே ‘டிஃபோல்ட்=’ என்று பயனர் பெயரைக் கொடுத்தால் சரியாகும். கொடுக்கிறவர் கவனிக்க வேண்டியது வேறு: அவருடைய எஸ்எஸ்எச் சாவியும், சேமித்த கிட்ஹப் டோக்கனும் அந்த டாருக்குள் அப்படியே போகும். பகிர்வதற்கென்று புதிதாக ஒன்றை நிறுவி அதை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

சில்லறை வருத்தங்கள் சில. லப்டொப்பை ஸ்லீப்பில் போட்டு எழுப்பினால் சிலவேளை லினக்ஸின் மணிக்கூடு பின்தங்கிவிடும். உபுண்டுவில் மென்பொருள் நிறுவும் ‘ஆப்ட்’, இன்னும் செல்லுபடியாகவில்லை என்று மறுக்கும், சேர்டிஃபிகேட் பிழைகள் வரும். ‘சுடோ எச்டபிள்யூக்ளொக் -எஸ்’ பெரும்பாலும் போதும். வீட்டிலிருந்து வெளிநாட்டுக் கம்பனிக்கு வேலை செய்பவர்களுக்கு விபிஎன் போட்டவுடன் லினக்ஸில் இணையம் நின்றுபோவது உண்டு; விண்டோஸ் 11-இன் 22எச்2 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பில் முன்சொன்ன கொன்ஃபிக் கோப்பில் ‘டிஎன்எஸ்டனலிங்=ட்ரூ’, ‘நெட்வேர்க்கிங்மோட்=மிரர்ட்’ இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆர்டுயினோ போன்ற யுஎஸ்பி பலகைகள் நேரே தெரியாது. ‘யுஎஸ்பிஐபிடி-வின்’ என்ற தனி மென்பொருள் வேண்டும். டேர்மினலில் தமிழ்க் கோப்புப் பெயர்களை வடிவாகக் காட்டுவது இன்னும் நம்பத்தக்கதாக இல்லை. கொம்புகள் விலகி நிற்கும். கோப்புக்கு ஒன்றும் ஆகாது.

எம்சிஸ்2 வேறு சாதி. இதில் வேர்ச்சுவல் மெஷின் இல்லை, ஆகவே றாமைப் பிடித்து வைத்திருக்க ஒன்றும் இல்லை. ஜிசிசி என்ற கொம்பைலரால் கட்டும் புரோகிராம் நேரடி விண்டோஸ் புரோகிராமாகவே வரும். சி, சி++ படிப்பவர்களுக்கும் விண்டோஸில் ஓடும் மென்பொருள் செய்பவர்களுக்கும் இதுவே திறம். நிறுவியவுடன் எல்லாவற்றையும் புதுப்பிக்க ‘பக்மன் -எஸ்வையூ’ கொடுங்கள் (இதில் எஸ் மட்டும் பெரிய எழுத்து). ஜன்னல் மூடச் சொல்லும். திரும்பத் திறந்து அதையே மறுபடி கொடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் நாலைந்து ஜன்னல்கள் இருக்கும். பாவிக்க வேண்டியது ‘யுசிஆர்டி64’. வெறும் ‘எம்சிஸ்’ ஜன்னலைத் திறந்துவிட்டு ஜிசிசியைக் காணவில்லை என்று தேடுவதே இங்கே அதிகம் நடக்கும் பிழை. கட்டிய எக்ஸ்இயை நண்பரின் மெஷினில் திறந்தால் ‘லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல்’ இல்லை என்று வரும். ‘-ஸ்டாட்டிக்’ சேர்த்துக் கட்டுங்கள்.

ஆனால் ‘ஃபோர்க்’, ‘வெயிட்’ என்று புரொசெஸ்களைப் பிரித்துச் செய்யும் பயிற்சிகள் யுசிஆர்டி64-இல் கொம்பைலே ஆகாது, விண்டோஸில் அப்படி ஒரு அழைப்பு இல்லை. சாய்கோட்டில் தொடங்கும் எந்தச் சொல்லையும் இது விண்டோஸ் பாதையாக மாற்றிவிடும் பழக்கமும் உண்டு. டொக்கருக்கு ‘/ஆப்’ என்று கொடுத்தால் அது சி டிரைவில் எங்கோ ஒரு இடமாகப் போய்ச் சேரும். ‘எம்சிஸ்2_ஆர்க்_கொன்வ்_எக்ஸ்சிஎல்’ (முழுவதும் பெரிய எழுத்து) என்ற மாறிக்கு ‘*’ கொடுத்து அதை நிறுத்தலாம். விண்டோஸ் கிட்டோடு வரும் பேஷும் எம்சிஸ்2-இன் வழிவந்ததுதான், அதிலும் இதே குணம்.

பயோஸில் வேர்ச்சுவலைசேஷனே இல்லாத பழைய மெஷின்காரருக்கு இரண்டு வாசல் திறந்திருக்கிறது. ஒன்று டபிள்யூஎஸ்எல்1: உபுண்டுவை நிறுவ முன்னர் ‘டபிள்யூஎஸ்எல் --செட்-டிஃபோல்ட்-வேர்ஷன் 1’. டொக்கர் ஓடாது, ஆனால் சி டிரைவில் உள்ள கோப்புகளை இரண்டாம் பதிப்பைவிடக் கெதியாகக் கையாளும். மற்றது சிக்வின். 1995-இல் சிக்னஸ் சொலூஷன்ஸ் தொடங்கியது, ‘சிக்வின்1.டிஎல்எல்’ என்ற ஒரு கோப்பு யுனிக்ஸ் போல நடிக்கிறது. ஃபோர்க்கும் ஓடும், ஆனால் விண்டோஸில் இல்லாததை நினைவகத்தைப் பிரதி எடுத்துச் சமாளிப்பதால் சரியான மெதுவு. நீளமான ‘கொன்ஃபிகர்’ ஸ்கிரிப்ட் என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். சில அன்டிவைரஸ்கள் இடையில் புகுந்து ஃபோர்க்கைத் தோல்வியாக்கும். வேறு மென்பொருளோடு வந்த இன்னொரு பதிப்பு ‘சிக்வின்1.டிஎல்எல்’ பாதையில் இருந்தாலும் மோதும். ஒன்றை மட்டும் விட்டுவையுங்கள். ஆப்ட் போன்ற நிறுவி இதனோடு வராது, எதைச் சேர்க்கவும் அதன் செட்டப் கோப்பையே திரும்ப ஓட்ட வேண்டும். அந்தச் செட்டப்பில் ‘நிறுவாமல் இறக்கு’, ‘உள்ளூர்க் கோப்புறையிலிருந்து நிறுவு’ என்று இரண்டு தெரிவுகள் உண்டு. ஒருமுறை இறக்கிய கோப்புறையை எத்தனை மெஷினுக்கும் கொண்டுபோகலாம்.