துருவச் சூழல் பற்றி ஒரு சூம் வகுப்பு: காசு கொடுத்துப் படிக்கலாமா?

துருவ நிலங்களில் அந்நிய இனங்களும் (வெளியிலிருந்து வந்து சேரும் செடி, உயிர்கள்) காலநிலை மாற்றமும் என்ற தலைப்பில் ஒரு தனியார் நிலையம் சனிக்கிழமை பின்னேரங்களில் நடத்தும் வகுப்பு, 1500 ரூபா. கிளிநொச்சி வெயிலில் இருந்துகொண்டு அண்டார்டிக்காவைப் படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் வகுப்பு நல்லது.

விதை எப்படிப் போய்ச் சேர்கிறது என்ற பகுதிக்கே அந்தக் காசு சரி. 2007–08 கோடையில் அண்டார்டிக்காவுக்குப் போனவர்களில் ஒரு பகுதியினரின் சப்பாத்து, பை, உடுப்பு எல்லாவற்றையும் ஆராய்ச்சியாளர்கள் துப்புரவாகத் தேடியதில், விதை காவியவர்களில் ஆளுக்குச் சராசரி 9.5 விதை, அந்த ஒரு பருவத்தில் மட்டும் மொத்தம் 70,000க்கு மேல் என்று கணக்கு வந்தது. அதிலும் சுற்றுலாக்காரரை விட, இயற்கையைப் படிக்கப் போன விஞ்ஞானிகள்தான் தலைக்கு அதிகம் காவியிருக்கிறார்கள்! அந்தக் கண்டத்துக்கே சொந்தமான பூக்கும் தாவரம் இரண்டே இரண்டு. அங்கே போய் 1985–86இல் போலந்தின் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்தடியில் போவா அன்னுவா என்ற சாதாரணப் புல் முளைத்து, பிறகு பரவியும் விட்டது.

இதுவரை வேலியாக நின்றது குளிர். விதை போனாலும் அனேகமாக முளைக்காது, முளைத்தாலும் மாரியைத் தாண்டாது. அண்டார்டிக் தீபகற்பம் 20ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் கிட்டத்தட்ட 3 பாகை சூடாகி, பனி விலகிய வெறும் நிலமும் கூடிக்கொண்டு போக, அந்தக் காவல் தளர்கிறது. தலைப்பின் பாதியே இதுதான், ஆனால் ஆசிரியர் இதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட்டி முடித்தார். வட துருவத்துக்கு ஒரே ஒரு ஸ்லைட். ஐஸ்லாந்தில் மண்ணரிப்பைத் தடுக்கவென்று 1945இல் கொண்டுவந்த லூபின் என்ற பூச்செடி மலையெல்லாம் ஊதாவாகப் படர்ந்த கதையையாவது சொல்லியிருக்கலாம்.

பெரிய குறை வேறு. வன்னிப் பிள்ளைகள் இத்தனை பேர் இருந்த வகுப்பில் பார்த்தீனியம் என்ற அந்நியக் களையைப் பற்றிய பேச்சே எழவில்லை. 1999இல் வவுனியாவில் முதலில் பதிவானது, 1987இல் இந்தியப் படைக்கு வந்த ஆடுகளோடு வந்தது என்றுதான் இங்கே சொல்வார்கள். அண்டார்டிக்காவில் கரையிறங்க முன்னம் சப்பாத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், இங்கே அறுவடை மெசின் சேறும் விதையுமாக வயலுக்கு வயல் போகிறது, கேட்பாரில்லை. அதை நான் கேட்டதற்கு, "அது பாடத்திட்டத்தில் இல்லை" என்று பதில் வந்தது.

சத்தம் அடிக்கடி விட்டு விட்டுக் கேட்டது, வகுப்பின் வீடியோப் பதிவும் இன்னும் வரவில்லை. உயர்தர உயிரியல், விவசாயம் படிக்கிற பிள்ளைகள் சேரலாம், ஆனால் பதிவு கைக்கு வரும் என்று முதலே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.