ரத்தப் பரிசோதனையா, உள் ஸ்கேனா? தையலா, மாத்திரையா?

ஐந்தாவது மாத ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோரும் தேடுவது குழந்தையின் எடை, இதயத்துடிப்பு, 'குறைபாடு எதுவும் தெரியவில்லை' என்கிற வரி. அதற்கெல்லாம் கீழே 'செர்விக்ஸ்' என்று ஒரு எண் இருக்கும். கர்ப்பப்பை வாயின் நீளம் அது. தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தம்பி மனைவிக்கு அந்த எண் 2.1 செ.மீ. என்று வந்தது. முதல் பிரசவம். 2.5 செ.மீ.க்குக் கீழே போனாலே நீளம் குறைவு என்று கணக்கு. குறைப்பிரசவம் ஆகிவிடுமோ என்ற பயம் அங்கேதான் தொடங்குகிறது.

அன்று சாயங்காலமே ஆளுக்கொரு யோசனை. "காலைத் தூக்கி வெச்சுப் படுத்துக்கோம்மா, அசையவே கூடாது" என்றார் அம்மா. "கர்ப்பப்பை வாய்ல தையல் போட்டுட்டா நிக்கும், என் ஓரகத்திக்கு அப்படித்தான் போட்டாங்க" என்றார் எதிர்வீட்டு அக்கா. வெளிநாட்டில் ரத்தத்தை எடுத்தே எப்போது பிறக்கும் என்று சொல்லிவிடுகிறார்களாம் என்று போனில் படித்துவிட்டு வந்தான் தம்பி. டாக்டர் எழுதிக் கொடுத்தது, ராத்திரி பிறப்புறுப்புக்குள் வைக்கிற ஒரு மாத்திரை. "அண்ணி, இதுல எதைத்தான் நம்புறது?" என்று அவள் கேட்டாள். அதற்காகத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். முடிவை, சிகிச்சை தருகிற டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும். ஆனால் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் அந்தப் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

வாரக் கணக்கு

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். 2020-இல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அதில் 30 லட்சம் இந்தியாவில். எந்த நாட்டைவிடவும் அதிகம்.

சரி, அந்த 37 வாரத்தை எங்கிருந்து எண்ணுவது? கடைசி மாதவிலக்குத் தேதியை வைத்து எண்ணுவது ஒரு வழி. தேதி சரியாக நினைவில்லை, மாதவிலக்கே ஒழுங்காக வருவதில்லை என்றால் இந்தக் கணக்கு இரண்டு மூன்று வாரம்கூடத் தவறலாம். மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் குழந்தையின் தலை முதல் பிட்டம் வரை அளந்து சொல்வது இதைவிட எவ்வளவோ துல்லியம். அதைத் தவறவிட்டு ஆறாம் மாதம், ஏழாம் மாதம் ஸ்கேனுக்குப் போனால், தலைச் சுற்றளவு, தொடை எலும்பு நீளம் எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு வயதைக் கணிப்பார்கள். வழக்கத்தில் இருக்கும் ஹேட்லாக் சூத்திரம் அமெரிக்கத் தாய்மார்களின் அளவுகளிலிருந்து வந்தது. நம் ஊர்க் குழந்தைகளுக்கு அது அப்படியே பொருந்துவதில்லை. இதற்காகவே சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரீதாபாத்தில் உள்ள மத்திய அரசின் டி.எச்.எஸ்.டி.ஐ. ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணிகளின் ஸ்கேன் அளவுகளை வைத்து 'கர்பிணி-ஜி.ஏ.2' என்ற கணிப்பு முறையை உருவாக்கி 2024-இல் வெளியிட்டன. இரண்டாவது, மூன்றாவது மும்மாதத்தில் வருகிறவர்களுக்கான முறை அது. எனக்கு இது பெரிய விஷயம். வாரக் கணக்கு தப்பினால், பின்னால் வருகிற ஒவ்வொரு சிகிச்சையும் தப்பான நாளில் நடக்கும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க

ரத்தப் பரிசோதனை பற்றித் தம்பி படித்தது பொய்யில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் குவேக் குழுவினர் 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அது. தாயின் ரத்தத்தில் மிதக்கும், மரபணுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. துணுக்குகளைப் பார்த்து, குறைப்பிரசவம் ஆகுமா என்று இரண்டு மாதம் முன்னதாகவே 75 முதல் 80 சதவீதத் துல்லியத்துடன் சொல்ல முடிந்தது. ஆனால் அந்தப் பகுதிக்கு எடுத்துக்கொண்ட பெண்கள் 40 பேருக்கும் குறைவு. ஆராய்ச்சிக்கு இது அருமையான தொடக்கம்தான். அதை வைத்து ஒரு கர்ப்பிணியை பயப்படுத்தவோ தைரியம் சொல்லவோ முடியாது.

இன்னொரு போட்டியாளர் ஃபைப்ரோநெக்டின். குழந்தையின் பனிக்குடப் பையைக் கர்ப்பப்பைச் சுவரோடு பசை மாதிரி பிடித்து வைத்திருக்கும் புரதம். அது பிறப்புறுப்பில் கசிந்திருக்கிறதா என்று பஞ்சுக்குச்சியால் துடைத்துப் பார்ப்பார்கள். ரத்தக்கசிவு இருந்தாலோ, முந்தைய 24 மணி நேரத்தில் உறவு வைத்திருந்தாலோ முடிவு கெட்டுவிடும். இதன் பலம் 'இல்லை' என்று சொல்வதில்தான். வலி என்று வந்தவருக்கு இது நெகட்டிவ் என்றால், அடுத்த ஒரு வாரத்தில் பிரசவம் ஆக வாய்ப்பு மிகக் குறைவு. தைரியமாக வீட்டுக்கு அனுப்பலாம். பாசிட்டிவ் என்றால் அதை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது.

மூன்றாவது, கர்ப்பப்பை வாய் நீளம். இதில் ஒரு சின்ன விஷயத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. வயிற்றின் மேலே வைத்து எடுக்கும் ஸ்கேனுக்குத் தண்ணீர் குடித்து சிறுநீர்ப்பையை நிரப்பி வரச் சொல்வார்கள். நிரம்பிய பை கர்ப்பப்பை வாயை அழுத்தி, இருப்பதைவிட நீளமாகக் காட்டிவிடும். 2.2 இருப்பது 3 போலத் தெரியலாம். உள்வழி ஸ்கேன், அதாவது டி.வி.எஸ்., இதற்கு நேர் எதிர். சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்க வேண்டும். மெல்லிய கருவியை உள்ளே வைத்து, அழுத்தாமல், சில நிமிடம் பொறுத்து மூன்று தடவை அளப்பார்கள். அதில் இருப்பதிலேயே குறைந்த அளவைத்தான் எழுத வேண்டும். என் தம்பி மனைவி முதலில் "உள்ளேயா, வேணாம்" என்று பின்வாங்கினாள். உடனிருந்த பெண் டாக்டர், குழந்தையை அது தொடாது என்று பொறுமையாக விளக்கிய பிறகுதான் சம்மதித்தாள். முதலில் எடுத்த வயிற்று ஸ்கேனில் அவளுக்குக் குறை எதுவும் சொல்லவில்லை. 2.1 வெளியே வந்தது உள்வழி ஸ்கேனில்தான்.

ஆனாலும் இந்த அளவைத் தலைமேல் தூக்கி வைக்க முடியாது. முதல் முறை கருவுற்ற 9,410 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2017-இல் 'ஜாமா' மருத்துவ இதழில் வந்தது. வலி தானாக வந்து குறைமாதத்தில் பெற்றவர்களில், 16 முதல் 22 வாரத்துக்குள் 2.5 செ.மீ.யோ அதற்குக் குறைவோ காட்டியவர்கள் வெறும் 8 சதவீதம். 22 முதல் 30 வாரத்துக்குள் அளந்தால் 23 சதவீதம். ஃபைப்ரோநெக்டின் இரண்டு கட்டத்திலுமே 7, 8 சதவீதத்தைத் தொட்டதோடு சரி. ஆக, அளவு நன்றாக இருந்தால் ஆபத்தே இல்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. அப்படியிருந்தும் நான் உள் ஸ்கேன் பக்கம்தான். அது காட்டிக்கொடுக்கும் குறைக்குக் கையில் மருந்து இருக்கிறது. மற்ற இரண்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

தடுக்க

படுக்கை ஓய்வை முதலில் பார்த்துவிடலாம். குறைப்பிரசவத்தை அது தடுப்பதாக எந்த நல்ல ஆய்வும் காட்டவில்லை. மாதக்கணக்கில் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும், தசையும் எலும்பும் தளரும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் இதை வேண்டாம் என்றே சொல்கிறது. கடுமையான வேலையிலிருந்து விலகுவது வேறு விஷயம். தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. காசிமேட்டில் வெயிலில் கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கு நிழலும் தண்ணீரும் உட்கார இடமும் வேண்டும். கட்டிலோடு கட்டிப்போடத் தேவையில்லை.

கர்ப்பப்பை வாயைச் சுற்றி வைக்கும் பெஸரி என்கிற சிலிகோன் வளையம் ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கை தந்தது. 2012-இல் ஸ்பெயின் ஆய்வில் 34 வாரத்துக்கு முன் பிரசவம் 27 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைந்தது. 2016-இல் அதைவிடப் பெரிய ஆய்வில் பலனே தெரியவில்லை. 2023-இல் அமெரிக்க ஆய்வை, வளையம் வைத்தவர்களின் குழந்தைகள் அதிகம் இறந்ததால், பாதியிலேயே நிறுத்தினார்கள். வாராவாரம் போடும் 17-ஓ.எச்.பி.சி. ஹார்மோன் ஊசியின் கதையும் இதே போலத்தான். 2003-இல் அற்புதம் என்றார்கள். 2019-இல் வெளியான, 1,700 பேரை வைத்துச் செய்த ஆய்வில் பயனில்லை. 2023-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதியைத் திரும்பப் பெற்றது. முன்பு குறைமாதத்தில் பெற்றவர் என்பதற்காக இன்றைக்கும் யாராவது இந்த ஊசியை எழுதித் தந்தால், ஏன் என்று கட்டாயம் கேளுங்கள்.

மிச்சம் இருப்பது மாத்திரையும் தையலும்.

கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனை உள்ளே வைக்கும் மாத்திரைக்கு வலுவான ஆதாரம் 2007-இல் வந்தது. வாய் நீளம் 1.5 செ.மீ.யோ அதற்குக் குறைவோ இருந்த 250 பெண்களில், மருந்தில்லாத போலி மாத்திரை வைத்தவர்களில் 34.4 சதவீதம் பேருக்கு 34 வாரத்துக்கு முன் பிரசவமானது. தினமும் ராத்திரி 200 மி.கி. மருந்து வைத்தவர்களில் 19.2 சதவீதம். நடுவில் 2016-இல் ஒரு பெரிய ஆய்வு பலன் தெளிவாக இல்லை என்று குழப்பியது. 2021-இல் எல்லா ஆய்வுகளின் தரவையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, ஆபத்து அதிகமுள்ள ஒற்றைக் குழந்தைக் கர்ப்பங்களில் இந்த வகை 34 வாரத்துக்கு முந்தைய பிரசவத்தை 22 சதவீதம் குறைத்தது.

தையலை உலகத்துக்குத் தந்தவர் பம்பாய் டாக்டர் வி.என். ஷிரோட்கர், 1955-இல். இரண்டு வருடம் கழித்து ஆஸ்திரேலியாவின் மெக்டொனால்ட் எளிய முறையைக் கொண்டுவந்தார். மயக்க மருந்து கொடுத்துப் போட வேண்டும். 36, 37 வாரத்தில் பிரித்துவிடுவார்கள். முன்பு ஒருமுறை குறைமாதத்தில் பெற்று, இப்போது நீளமும் குறைந்திருந்தால் தையல் நன்றாகவே உதவுகிறது. வலியே இல்லாமல் வாய் திறந்துகொண்டால் தையல்தான் வழி. எதிர்வீட்டு அக்காவின் ஓரகத்திக்கு இதற்கு முன் ஆறாம் மாதத்தில் ஒரு குழந்தை தவறியிருந்ததாம். அவருக்கு அது சரியான சிகிச்சை. முதல் பிரசவத்தில் 2.1 செ.மீ. இருப்பவருக்கு அதே தையல் பலன் தருவதாக நிரூபணம் இல்லை. அவருக்கு மாத்திரைதான் முதல் தேர்வு. முன்பு குறைப்பிரசவம், இப்போது நீளக் குறைவு என்ற இரண்டும் பொருந்துகிறவருக்கு மாத்திரையும் தையலும் ஏறக்குறைய சமம் என்று 2018-இல் வந்த ஒப்பீடு சொல்கிறது. அவரைப் பொறுத்தவரை நான் கேட்பது ஒன்றே ஒன்று: தினமும் ராத்திரி மறக்காமல் வைக்க வீட்டில் தனிமையும் வசதியும் இருக்கிறதா? ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கும் வீட்டில் அது லேசான காரியம் இல்லை. அங்கே தையல் மேல்.

என் தம்பி மனைவி மாத்திரை வைத்தாள், 38 வாரத்தில் பெற்றாள். அது மாத்திரையால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். அந்த 2007 ஆய்வில் மருந்தே வைக்காதவர்களிலும் மூன்றில் இரண்டு பேர் 34 வாரத்தைத் தாண்டியிருக்கிறார்கள்.

குறைந்த அளவு ஆஸ்பிரினையும் சொல்லிவிட வேண்டும். இந்தியா உட்பட ஆறு நாடுகளில் முதல் முறை கருவுற்றவர்களிடம் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வில் குறைப்பிரசவம் 13.1 சதவீதத்திலிருந்து 11.6 ஆனது. குறைவு சிறியதுதான், விலையும் சில்லறைதான். அந்த ஆய்வில் மூன்று மாதத்துக்குள்ளேயே தொடங்கினார்கள் என்பதால் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம்.

தடுக்க முடியாமல் போனால்

குழந்தையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி நியூசிலாந்தில் 1972-இல் வந்தது. பிறந்த பிறகு காப்பாற்றுவதில் இதற்கு இணை குறைவு. ஆனால் போடும் இடம் முக்கியம். 2015-இல் இந்தியா உட்பட ஆறு நாடுகளில், கிராமங்களிலும் சின்ன ஆஸ்பத்திரிகளிலும் இதைப் பரவலாகப் போட்டுப் பார்த்தபோது குழந்தை இறப்பு குறையாமல் கூடியது. ஊசி போட்டவர்களில் பெரும்பாலோர் குறைமாதத்தில் பெறவே இல்லை. 2020-இல் ஸ்கேனில் வாரத்தை உறுதிசெய்து, பச்சிளங்குழந்தை சிகிச்சை உள்ள மருத்துவமனைகளில் மட்டும் போட்டபோது இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 ஆகக் குறைந்தது. ஊசி ஒன்றேதான், வாரக் கணக்கும் ஆஸ்பத்திரியும் மாறின.

வடசென்னையில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது, ஸ்டான்லி இருக்கிறது, எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நர்சிங் ஹோமில் பதிந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது: ஏழாம் மாத செக்கப்பில் நேராகக் கேளுங்கள். "32 வாரத்துல பொறந்தா குழந்தையை இங்கேயே பார்ப்பீங்களா, வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீங்களா?" அனுப்புவோம் என்றால், வலி தொடங்கியதுமே, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே, நேராக அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் கொண்டு போவதைவிட அதுவே குழந்தைக்குப் பத்திரம்.